முகப்புத் திரையின் திறவுகோல்

போர்ட் கொச்சியில் பரேடு மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராகக் குடியிருந்துவிட்டுப் போன பழைய வீடுகள் பல இப்பொழுது விருந்தினர் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் உருமாறியிருக்கின்றன; அங்கிருந்து காயலோரமாகச் சிறிது தூரம் சென்றால், மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் மிளகும் ஏலமும் சுக்கும் விற்கும் கடைகள் வரிசையாக வருகின்றன. இத்தகைய இடங்கள் சிலவற்றில், வருகிறவர்கள் கையாளுவதற்கென்றே மேஜையின்மீது ஒரு டேப்லெட் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதையும், அதன் திரையில் மூன்று நான்கு சித்திரங்களுக்கு மேல் எதுவும் இல்லாதிருப்பதையும் கவனிக்கலாம். பெயரைப் பதிவு செய்வதற்கு ஒன்று, ஊரின் வரைபடத்துக்கு ஒன்று, படகு புறப்படும் நேரத்துக்கு ஒன்று, அபிப்பிராயம் எழுதுவதற்கு ஒன்று என்ற அளவில் அவை நின்றுவிடும். வேறு எங்காவது போகலாம் என்று நினைத்து முகப்புப் பொத்தானை அழுத்தினால் அதே நான்கு சித்திரங்கள்தாம் திரும்ப வரும்; மேலிருந்து திரையை இழுத்தால் ஒன்றும் இறங்கி வராது. விஷயம் அறியாதவர், கருவி பழுதாகிவிட்டதோ என்று சந்தேகிப்பார். உண்மையில் அது பழுதன்று. யாரோ ஒருவர் யோசித்து, நிரல் எழுதி, வேண்டுமென்றே செய்து வைத்த ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டைச் செய்கிற தொழில் நம் நாட்டில் பெரிதாக வளர்ந்திருக்கிறது என்பதும், அதன் முக்கியமான பட்டறைகளில் ஒன்று இதே கொச்சியிலும் வேறு சில சென்னையிலும் பெங்களூரிலும் புனேயிலும் இருக்கின்றன என்பதும் பலருக்குத் தெரியாது. கைபேசியின் முகப்புத் திரையை நம் விருப்பப்படி அமைத்துக்கொள்வதும், பிறர் கைக்குப் போகும் கருவியின் முகப்பை இன்ன காரியத்துக்கு மட்டுமே என்று வரம்பிட்டுக் கொடுப்பதும் ஒரே வித்தையின் இரண்டு முகங்கள். இன்று அங்கன்வாடி ஆசிரியையின் கையிலும், பொருள் கொண்டுவரும் இளைஞனின் கையிலும், பள்ளிக் குழந்தையின் கையிலும், தவணையில் கைபேசி வாங்கிய ஏழைத் தொழிலாளியின் கையிலும் இவ்வித்தை வேலை செய்கிறது. ஆகவே இதன் சூட்சுமத்தை எளிய வாசகரும் அறிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறேன்.

முதலில், முகப்புத் திரை என்பது என்ன? கைபேசியைத் திறந்தவுடன் தோன்றுகிற அந்தச் சித்திர வரிசை, கருவியோடு ஒட்டிப் பிறந்த ஓர் அங்கம் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். 2007இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபோனைப் பொறுத்தவரை அந்த எண்ணம் ஏறக்குறையச் சரியானது. அங்கே முகப்பு என்பது நிறுவனம் வகுத்த முகப்புத்தான், அதை அகற்றிவிட்டு வேறொன்றை நிறுத்துவதற்கு வெளியார் யாருக்கும் இன்றுவரை உரிமையில்லை. சிறு தகவல் பலகைகளைச் சித்திரங்களுக்கு நடுவே வைத்துக்கொள்ளும் சுதந்திரங்கூட 2020இல்தான் கிடைத்தது. ஆனால் 2008இல் முதல் ஆண்ட்ராய்டு கைபேசி விற்பனைக்கு வந்தபோது, அதை வடிவமைத்தவர்கள் வேறொரு வழியை மேற்கொண்டார்கள். கணக்குப் போடுகிற செயலியும் கடிதம் எழுதுகிற செயலியும் எப்படி ஒரு செயலியோ, அப்படியே முகப்புத் திரையும் ஒரு செயலியாகவே இருக்கட்டும், விருப்பமுள்ளவர் அதை மாற்றிக்கொள்ளட்டும் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். இத்துறையில் உள்ளவர்கள் அச்செயலியை லாஞ்சர் என்கிறார்கள்.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் தன்னோடு ஓர் அறிமுகப் பத்திரத்தைக் கொண்டு வருகிறது. மேனிஃபெஸ்ட் என்பது அதற்குத் தொழிலில் வழங்கும் பெயர். தான் யார், எந்தெந்த அனுமதிகளை வேண்டுகிறேன், எந்தெந்த வேலைகளுக்கு என்னை அழைக்கலாம் என்பனவெல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்தப் பத்திரத்தில், முகப்பு வேலைக்கு என்னை அழைக்கலாம் என்ற பொருள்படும் இரண்டே வரிகளைச் சேர்த்துவிட்டால், அன்று முதல் அந்தச் செயலியும் முகப்பாக இருக்கத் தகுதி பெற்றுவிடுகிறது. இதன்பின் கருவிக்கு உரியவர், அமைப்புகள் பகுதிக்குள் சென்று, இனி இதுவே என் முகப்பு என்று தேர்ந்துகொண்டால் போதும். முகப்புப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அதுவே வந்து நிற்கும். மீதி வேலை, கருவியில் உள்ள செயலிகளின் பட்டியலை இயங்குதளத்திடம் கேட்டு வாங்குவதும், அவற்றின் சித்திரங்களைத் திரையில் அடுக்குவதும், விரல் பட்டதும் அதனதன் கதவைத் திறந்துவிடுவதுமே. நிரலெழுதக் கற்றுக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் சில நூறு வரிகளில் எளியதொரு லாஞ்சரை எழுதிவிட முடியும். சித்திரங்களையே நீக்கிவிட்டு வெறும் பெயர்களை மட்டும் காட்டுவனவும், முதியோருக்காகப் பெரிய எழுத்தில் நான்கே கட்டங்கள் காட்டுவனவும், வண்ணங்களையெல்லாம் அகற்றிக் கறுப்பு வெள்ளையில் நிற்பனவும் என்று உலகெங்கும் எண்ணற்ற லாஞ்சர்கள் பிறந்ததற்கு இந்தச் சுலபந்தான் காரணம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. முகப்பாக இருக்கும் செயலி, அதன் தொழிலின் இயல்பினாலேயே, நம் கருவியில் உள்ள எல்லாச் செயலிகளையும் அறிந்திருக்க வேண்டும். எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறோம், எந்த நோய்க்கு மருத்துவரை நாடுகிறோம், எந்தத் தெய்வத்தின் பாடல்களைக் கேட்கிறோம் என்பனவெல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 இயங்குதளம், சாதாரணச் செயலி எதுவும் பிற செயலிகளின் முழுப் பட்டியலைத் தன்னிச்சையாகப் பார்க்க இயலாதபடி திரை போட்டுவிட்டது. லாஞ்சருக்கோ அந்தத் திரை இல்லை, இருக்கவும் முடியாது. உலகப் பிரசித்தி பெற்ற நோவா லாஞ்சரை 2022இல் பிராஞ்ச் என்ற அமெரிக்க நிறுவனம் விலைக்கு வாங்கியபோது, அதை ஆண்டுக்கணக்கில் நம்பி வந்தவர்கள் பலர் கலக்கமுற்றதற்கு இதுவே காரணம். அழகாக இருக்கிறது என்பதற்காக முன்பின் அறியாத ஒருவர் எழுதிய லாஞ்சரை நிறுவிக்கொள்பவர், தம் கருவி முழுவதையும் அவர் பார்வையில் வைக்கிறார் என்பதை மனத்தில் கொள்ளுதல் நலம்.

முகப்பை மாற்றுவது இவ்வளவு சுலபமாக இருக்க, முகப்பைப் பூட்டுவது மட்டும் ஏன் கடினமாயிற்று? மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் உள்ள பழைய பண்டகசாலைகளைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். அவற்றுக்குத் தெருப்பக்கம் ஒரு வாசல், காயல் பக்கம் படகுத்துறையை நோக்கி இன்னொரு வாசல். தெருவாசலை எவ்வளவு கெட்டியாகப் பூட்டினாலும் காயல் வாசல் திறந்திருந்தால் பூட்டியதனால் யாதொரு பயனும் இல்லை. கைபேசிக்குக் காயல் வாசல்கள் பல. மேலிருந்து இழுக்கும் அறிவிப்புப் பலகையில் அமைப்புகளுக்குப் போகும் பல்சக்கரச் சித்திரம் இருக்கிறது; அண்மையில் பயன்படுத்திய செயலிகளைக் காட்டும் பொத்தான் இருக்கிறது; விசைப்பலகையின் ஓரத்தில் அதன் சொந்த அமைப்புகளுக்குப் போகும் வழி இருக்கிறது; வரைபடச் செயலியின் ஏதோ ஒரு மூலையில் உள்ள இணைப்பை அழுத்தினால் உலாவி திறந்துகொள்கிறது, உலாவி திறந்தால் உலகமே திறந்த மாதிரிதான். இவையெல்லாம் அடைபட்டாலும், கருவியை அணைத்துவிட்டு, பின்னால் நிறுவிய செயலிகள் எதுவும் இயங்காத பாதுகாப்பு முறையில் அதை எழுப்பினால், பூட்டுப் போட்ட செயலியே உறங்கிப் போய்விடும்.

ஆரம்ப காலத்தில் இந்த வாசல்களை அடைப்பதற்கு நிரலாளர்கள் மேற்கொண்ட யுக்திகள் அவர்களுடைய சாமர்த்தியத்துக்குச் சான்றானவை என்றாலும், உறுதியானவை என்று சொல்ல முடியாது. அறிவிப்புப் பலகை இறங்கும் இடத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் பரப்பி, விரலின் தொடுகையைத் தாங்களே விழுங்கிக்கொண்டார்கள். எந்தச் செயலி இப்போது முன்னால் நிற்கிறது என்பதைக் கணந்தோறும் வேவு பார்த்து, அனுமதியில்லாதது தலை நீட்டியவுடன் முகப்பை அதன்மேல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வேகமாக விரலோட்டத் தெரிந்த பையன் ஒருவன், அந்தக் கணப்பொழுதின் இடைவெளியிலேயே உள்ளே நுழைந்துவிடுவான். அதைவிட விபரீதமான விஷயம், இதே யுக்திகளைத் திருடர்களும் கற்றுக்கொண்டதுதான். வங்கிச் செயலியின்மேல் கண்ணுக்குத் தெரியாத படலத்தைப் பரப்பி, கடவுச்சொல்லைக் கவர்ந்துகொள்ளும் கெட்ட நிரல்கள் தோன்றின. ஆதலால் கூகுள் நிறுவனம் ஒவ்வொரு பதிப்பிலும் அந்தச் சந்துபொந்துகளைச் சிறிது சிறிதாக அடைத்துக்கொண்டே வந்தது. நேர்மையான தொழிலாளரும் திருடரும் ஒரே வழியைப் பயன்படுத்தியதனால், நேர்மையானவர்களுக்கென்று தனியானதொரு ராஜபாட்டை போட்டுக் கொடுக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது.

அந்த ராஜபாட்டை 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 பதிப்போடு வந்தது. தமிழும் மலையாளமும் ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வமான முகப்பு மொழிகளில் சேர்ந்ததும் அதே பதிப்பில்தான். கருவியை நம் மொழியில் பேச வைக்கும் வசதியும் அதை வரம்பிட்டு நிறுத்தும் வசதியும் ஒரே நாளில் நம்மிடம் வந்து சேர்ந்தன. அப்பதிப்பு, செயலி ஒன்றைக் கருவிக்கே உரிமையாளராக நியமிக்கும் முறையை ஏற்படுத்தியது. இத்தொழிலில் அதை டிவைஸ் ஓனர் என்று வழங்குகிறார்கள். உரிமையாளராக நியமனம் பெற்ற செயலி, இன்னின்ன செயலிகள் மட்டுமே இங்கே இயங்கலாம் என்று பட்டியலிட்டுவிட்டு, பூட்டிய நிலைக்குள் கருவியைக் கொண்டுபோய்விட்டால், அறிவிப்புப் பலகை இறங்காது, அண்மைச் செயலிகள் தோன்றா, பட்டியலில் இல்லாத எதுவும் எந்த இணைப்பின் வழியாகவும் திறவாது. பாதுகாப்பு முறையில் எழுப்புவதையும், எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவதையும், புதிய செயலிகளை நிறுவுவதையும் அதுவே தடை செய்ய முடியும். இங்கே வேவு பார்க்கும் வேலையே இல்லை. இயங்குதளமே காவல் நிற்கிறது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9, அந்தப் பூட்டிய நிலையிலும் கடிகாரத்தைக் காட்டலாமா, அறிவிப்புகளை அனுமதிக்கலாமா, மின்பொத்தானின் பட்டியலைத் திறக்கலாமா என்று தனித்தனியே தீர்மானித்துக்கொள்ளும் நயத்தையும் சேர்த்துக் கொடுத்தது.

இவ்வளவு அதிகாரத்தை எளிதில் எவரும் கைப்பற்றிவிடக் கூடாது என்பதற்காக ஒரு நிபந்தனையும் விதிக்கப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே ஒருவர் தம் கணக்குகளோடு உபயோகித்துக்கொண்டிருக்கும் கைபேசியில் எந்தச் செயலியும் நடுவே புகுந்து சாதாரணமாக உரிமையாளராகிவிட முடியாது; கருவி புதிதாக இருக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கப்பட்டிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 7.0 முதல் அதற்கு ஓர் எளிய சடங்கு உண்டு: கருவியை முதன்முதல் எழுப்பியதும் வரும் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால், படக்குறியீட்டைக் காட்டு என்று அது கேட்கும், நிறுவனம் அச்சிட்டுக் கொடுத்த க்யூஆர் சதுரத்தைக் காட்டியவுடன் உரிமையாளர் செயலி தானே இறங்கி அமர்ந்துகொள்ளும். ஆயிரம் கருவிகளையும் இவ்விதமே, பெட்டியைப் பிரித்த கையோடு, ஒரே மாதிரியாகச் செய்துவிடலாம்.

ஆயிரக்கணக்கில் செய்யும்போது, அவற்றையெல்லாம் தொலைவிலிருந்து பார்த்துக்கொள்ளவும், புதுப்பிக்கவும், தொலைந்துபோனதை அழித்துவிடவும் ஒரு கேந்திரம் வேண்டுமல்லவா? அந்தக் கேந்திரத்தை அமைத்துக் கொடுக்கும் தொழிலில்தான் நம்மவர்கள் முன்னே நிற்கிறார்கள். பெங்களூரில் 2009இல் தொடங்கிய 42கியர்ஸ் நிறுவனத்தின் ஷூர்லாக், முகப்பைப் பூட்டும் செயலிகளில் மூத்த தலைமுறையைச் சேர்ந்தது. புனேயில் புரோமொபி நிறுவனத்தார் மோபிலாக் என்ற பெயரில் தொடங்கியதே இன்று ஸ்கேல்ஃப்யூஷனாக வழங்குகிறது. ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட், பின்னர் ஸோஹோவாகிச் சென்னைப் புறநகரிலும் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலும் பரவியது. அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவிலும் கைபேசி நிர்வாகத்துக்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட மிட்சோகோ நிறுவனம், ஹெக்ஸ்நோட் என்ற பெயரில் விற்கும் இதே வகை மென்பொருளுக்கான வேலையைக் கொச்சியிலும் சென்னையிலும் செய்து வருகிறது. உலகின் மறுகோடியில் உள்ள ஒரு கிடங்கில், ஒருவர் கையில் இருக்கும் கருவி இன்னதற்கு மேல் எதையும் திறவாமல் நிற்கிறதென்றால், அதற்குரிய நிரலை எழுதிய விரல்கள் கொச்சிக்காரருடையதாகவோ தென்காசிக்காரருடையதாகவோ இருக்கக்கூடும் என்பதை நினைக்க எனக்குப் பெருமிதமாகவே இருக்கிறது. கடல் கடந்து போகும் சரக்கை மூட்டையிலிட்டு முத்திரை வைத்து அனுப்பிய துறைமுகத்தில் இத்தொழிலும் வேர்கொண்டது பொருத்தந்தான்.

ஆனால் பெருமிதத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. பூட்டு யாருக்காகப் போடப்படுகிறது, அதன் திறவுகோல் யாரிடம் இருக்கிறது, பூட்டப்பட்டிருக்கிறது என்பது அந்தத் திரையின் முன்னால் இருப்பவருக்குத் தெரியுமா என்ற மூன்று கேள்விகளையும் கேளாமல் இவ்வித்தையை மதிப்பிட இயலாது என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம்.

நன்மைக்காகத் தொடங்கப்பட்ட காரியத்திலேயே இதைக் காணலாம். 2018 மார்ச் 8ஆம் தேதி தொடங்கிய போஷன் அபியான் திட்டத்தில், அங்கன்வாடி ஊழியர்கள் காகிதப் பேரேடுகளில் எழுதி வந்த எடை, உயரம், உணவு முதலிய விவரங்களைக் கைபேசியில் பதியும் முறை நாடெங்கும் வந்தது. அந்தக் கைபேசிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளும் திட்டத்தில் இடம் பெற்றது. அரசாங்கத்தின் பொருள் அரசாங்கத்தின் காரியத்துக்கே பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தில் குற்றமொன்றுமில்லை. ஆயினும் 2021இல் போஷன் டிராக்கர் என்ற புதிய செயலி வந்த பிறகு, மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடி ஊழியர்கள் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட கைபேசிகளைத் திரளாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கருவிகள் சக்தி குறைந்தவை, அடிக்கடி உறைந்துபோகின்றன, பழுது பார்க்கும் செலவு தங்கள் தலையில் விழுகிறது, செயலி தங்கள் மொழியில் சரிவர இல்லை என்பன அவர்களுடைய முறையீடுகள். எதைச் செய்யக்கூடாது என்பதில் காட்டிய சிரத்தையை, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதிலும் காட்டியிருந்தால் அந்த நிலை ஏற்பட்டிராது. காலையில் குழந்தைகளைத் தூக்கி எடை பார்த்துவிட்டு, அடுப்பையும் கவனித்துக்கொண்டு, ஒரு கையால் விவரம் பதியும் பெண்மணிக்கு எத்தனை பெரிய பொத்தான் வேண்டும், எத்தனை தட்டுக்குள் வேலை முடிய வேண்டும் என்று கேட்பதுதான் முகப்பு அமைப்பவரின் முதற்கடமை. தடுப்பது அதற்குப் பிறகே வரவேண்டும்.

இதைவிடக் கவலைக்குரியது கடனுக்காகப் போடப்படும் பூட்டு. தவணை முறையில் கைபேசி வாங்குகிறவரின் கருவிக்குள், அதை விற்கும்போதே ஒரு செயலியை வைத்துவிட்டு, தவணை தவறினால் திரையைப் பூட்டிவிடும் வழக்கம் நம் நாட்டில் பரவியது. மேலே வர்ணித்த அதே உரிமையாளர் அதிகாரந்தான் இதற்கும் கருவி. ரிசர்வ் வங்கி இவ்வழக்கத்தை நிறுத்தச் சொன்னதாகவும், பிறகு கடன் வாங்குவோரின் முன்சம்மதம், அவருடைய சொந்த விவரங்களைத் தொடாமை முதலிய நிபந்தனைகளோடு அனுமதிப்பதைப் பரிசீலிப்பதாகவும் 2025இல் பத்திரிகைகளில் செய்தி வந்தது. கடன் கொடுத்தவர் நஷ்டப்படக் கூடாது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 2016இல் யுபிஐ வந்தபின், கைபேசியே பலருக்குப் பணப்பெட்டியாகவும் வேலைக்கு அழைக்கும் மணியாகவும் ஆகிவிட்டது. படகுத்துறையில் ஆட்டோ ஓட்டுகிறவர், மீன் சந்தையில் கூடை வைத்திருப்பவர், சுமை தூக்குகிறவர் ஆகியோரின் கைபேசியைப் பூட்டுவது, தவணை கட்டுவதற்கு வேண்டிய வருவாயையே சேர்த்துப் பூட்டுவதாகும். சம்மதம் என்ற பெயரில், படிக்க முடியாத ஆங்கிலப் பத்திரத்தின் அடியில் வாங்கிய விரலடையாளத்தைச் சம்மதமாக எண்ண எனக்கு இயலவில்லை.

குழந்தைகளின் விஷயத்துக்கு வருவோம்; வாசகர்களில் பெரும்பாலோருக்கு இதுவே நெருக்கமான கவலையாக இருக்கும். கேரளக் காவல் துறை, மாணவர் காவல் படைத் திட்டத்தின் கீழ், கைபேசிக்கும் விளையாட்டுக்கும் அடிமைப்பட்ட பிள்ளைகளை மீட்பதற்காக டி-டாட் என்னும் ஆலோசனை மையங்களை 2023இல் கொச்சி உட்படச் சில நகரங்களில் ஏற்படுத்தியது. காவல் துறையே இதைக் கையிலெடுக்க வேண்டி வந்ததிலிருந்து, வீடுகளில் நிலைமை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பெற்றோர் பலர் கடையில் சென்று, ஏதாவது ஒரு செயலியைப் போட்டுப் பூட்டிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. கருவிக்குள்ளேயே வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில், பாதுகாப்பு என்ற பகுதிக்குள், ஆப் பின்னிங் என்று ஒன்று இருக்கும். அதை இயக்கிவிட்டு, வெளியேறும்போது பின் எண் கேட்கும்படி குறித்துக்கொண்டால், குழந்தைக்குப் பாடச் செயலியை மட்டும் திறந்து, அதைக் குத்தி நிறுத்திக் கையில் கொடுத்துவிடலாம். எண்ணைச் சொல்லாமல் வேறெங்கும் போக முடியாது. ஐபோனில் இதே காரியத்தை 2012 முதல் கைடட் ஆக்சஸ் என்ற வசதி செய்கிறது. அமைப்புகளின் அணுகல் பகுதியில் அதை ஒருமுறை இயக்கிவைத்தால், பிறகு பக்கப் பொத்தானை மூன்று முறை அழுத்தியே தொடங்கலாம். நாளொன்றுக்கு இவ்வளவு நேரம் என்று அளந்து வைக்க வேண்டுமானால், ஐபோனில் 2018இல் வந்த ஸ்கிரீன் டைமும், கூகுளின் ஃபேமிலி லிங்கும் இருக்கின்றன.

எந்த வசதியைப் பயன்படுத்தினாலும், பிள்ளைக்குச் சொல்லாமல் பூட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பத்து வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, இன்னது திறந்திருக்கும், இன்னது மூடியிருக்கும், காரணம் இது, எட்டாம் வகுப்புக்குப் போனதும் இதைத் திறந்துவிடுகிறேன் என்று பேசிவிட்டுப் பூட்டினால், அந்தப் பூட்டு ஓர் ஒப்பந்தமாகிறது. இரகசியமாகப் பூட்டினால், அதை உடைப்பதே பிள்ளைக்கு விளையாட்டாகிவிடும். அந்த விளையாட்டில் பெரும்பாலும் பிள்ளைகளே ஜெயிக்கிறார்கள். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். தம் மனத்தின் சபலத்தை அறிந்து, சித்திரங்களற்ற எளிய லாஞ்சரைத் தாமே தேர்ந்து, நாலைந்து பெயர்களை மட்டும் முகப்பில் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பூட்டியவரும் பூட்டப்பட்டவரும் ஒருவரேயாதலால், மனிதர் இவ்வித்தையைத் தமக்காகக் கைக்கொள்வதில் இதுவே உத்தமமான முறை.

போர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியிலுள்ள தோபிகானா என்ற சலவைத்துறையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் சந்ததியார் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் வண்ணார் சமூகத்தினர், விசாலக் கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976இல் கட்டிக்கொடுத்த துறையில் இன்றும் துவைத்து, கொடியில் உலர்த்தி, இஸ்திரி போட்டு வாழ்கிறார்கள். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், வரும் பயணிகளிடம் உடைந்த ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் அவர்களுடைய நாள் கழிகிறது. இத்தகைய வீட்டிலுள்ள மூதாட்டிக்கு ஒரு முகப்பை அமைத்துக் கொடுக்க வேண்டுமென்றால் என்ன செய்வோம் என்று நிரல் கற்கும் இளைஞர்கள் யோசித்துப் பார்க்க வேண்டுமென்பது என் ஆசை. மகன், மகள் முகங்களைக் காட்டும் இரண்டு கட்டங்கள், பணம் வந்ததா என்று பார்க்க ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று, அவ்வளவே போதும். எழுத்து தமிழில் இருக்க வேண்டும், அதுவும் முழுவதாக இருக்க வேண்டும். ஆங்கிலப் பெயர்களின் அளவுக்கு வெட்டிய கட்டங்களில் தமிழ்ச் சொற்களை வைத்தால், பாதிச் சொல் முடிந்ததும் மூன்று புள்ளிகள் வந்து நின்றுவிடுகின்றன. நம் சொற்களின் நீளத்தை அளந்து கட்டத்தை அமைப்பதற்குத் தனியான மேதைமை ஒன்றும் வேண்டியதில்லை, அக்கறை வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்களை எந்த முகப்புப் பூட்டும் மறக்கலாகாது. ஆபத்துக்காலத்தில் 112 என்ற எண்ணை அழைக்கும் வழி அடைபடக் கூடாது. 2017 முதல் இந்தியாவில் விற்கப்படும் கைபேசிகளில் ஆபத்துப் பொத்தான் வசதி இருக்க வேண்டுமென்று தொலைத்தொடர்புத் துறை 2016இல் விதி செய்தது. ஸ்மார்ட் கைபேசியில் மின்பொத்தானை மூன்று முறை விரைந்து அழுத்தினால் அது இயங்கும்படி ஏற்பாடு. மின்பொத்தானையே முடக்கிவிடும் பூட்டுகளைச் செய்பவர்கள், கருவியைக் கொடுப்பதற்கு முன் இந்த வழி திறந்திருக்கிறதா என்று தங்கள் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

மற்றது, பூட்டியவர் யார் என்று சொல்லிவிடுவது. ஆண்ட்ராய்டு 7.0 முதல், உரிமையாளராக நியமனம் பெற்ற செயலி, பூட்டுத் திரையிலேயே இரண்டொரு வரி எழுதி வைப்பதற்கு வசதி இருக்கிறது. இது இன்னாருடைய கருவி, உதவிக்கு இந்த எண்ணை அழைக்கவும் என்று அதில் எழுதலாம். அமைப்புகளுக்குள் தடைசெய்யப்பட்ட இடத்தைத் தொட்டால், ஏன் தடை என்று விளக்கம் கூறும் வசதியும் அதனோடு சேர்ந்தே வந்தது. எழுதுவதற்கு ஒரு நிமிஷங்கூட ஆகாத அந்த வரிகளைப் பெரும்பாலான கருவிகளில் ஆங்கிலத்தில் பொதுவாக விட்டுவிடுகிறார்கள், அல்லது காலியாகவே விட்டுவிடுகிறார்கள். கொச்சியில் கொடுக்கும் கருவியில் மலையாளத்திலும், தோபிகானாவில் கொடுப்பதானால் தமிழிலும், தவணைக் கடையில் கொடுப்பதானால் வாங்குகிறவர் படிக்கும் மொழியிலும், பூட்டுகிறவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதாமல் எந்தக் கருவியையும் கைமாற்றக் கூடாது என்று அரசாங்கம் ஒரு விதி செய்யுமானால், அதைப் பின்பற்றுவதற்கு எந்த நிறுவனமும் புதிதாக ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியிராது.